27 சதவீதத்தில் தானாக இறங்கிய ட்ரோன்: ஒரு நீள்தூரப் பறப்பின் நிகழ்வு ஆய்வு

திரையில் பேட்டரி 27 சதவீதம். புறப்பட்ட இடம் இன்னும் 1,760 மீட்டர் தள்ளி இருக்கிறது. உயரம் 110 மீட்டர். அந்த நேரத்தில் "வோல்டேஜ் மிகக் குறைவு, தரையிறங்குகிறது" என்று ஒரு சிவப்பு வரி வருகிறது. ட்ரோன் இறங்கத் தொடங்குகிறது. ரத்து பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்கவில்லை. சுமார் 40 விநாடியில் நீர்த்தேக்கத்தின் ஓரத்து நாணலுக்குள் விழுந்து, பாதி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

இப்படி ட்ரோனை இழந்தவர்கள் முதலில் கேட்பது, 27 சதவீதம் இருக்கும்போது அது ஏன் இறங்கியது என்பதுதான். திரையில் தெரியும் சதவீதம் ஒரு மதிப்பீடு. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜோ நேரடியாக அளந்து எடுப்பது. இரண்டும் முரண்பட்டால் ட்ரோன் வோல்டேஜைத்தான் நம்பும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சதவீதத்துக்கும் வோல்டேஜுக்கும் இடையே இவ்வளவு பெரிய பிளவு எங்கே, எப்போது உண்டானது என்று தேட வேண்டும்.

இங்கே பிரித்துப் பார்க்கும் பறப்பு குறிப்பிட்ட ஒருவருடையது அல்ல. இவ்வகை இழப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களை ஒரே பறப்பில் வைத்து, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த மடிப்பு ட்ரோனுக்குப் பொருந்தும் எண்களோடு கட்டிய மாதிரி நிகழ்வு. கணக்குகளை வாசகர் தாமே போட்டுச் சரிபார்க்கலாம். பெரும்பாலான நாடுகளில் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். இந்தப் பறப்புக்கு அது இருந்ததாகவே வைத்துக்கொள்வோம்.

ட்ரோனும் அன்றைய வானிலையும்

எடை சுமார் 900 கிராம். பேட்டரி நான்கு செல்கள் தொடராக இணைந்தது. கொள்ளளவு 3,850 மில்லி ஆம்பியர் மணி, 15.4 வோல்ட், ஏறத்தாழ 59 வாட் மணி. ஒவ்வொரு செல்லும் 4.4 வோல்ட் வரை ஏறும் உயர்மின்னழுத்த லித்தியம் பாலிமர் வகை. அதாவது திரையில் ஒரு சதவீதம் குறைவது என்றால் 38.5 மில்லி ஆம்பியர் மணி செலவாகிவிட்டது என்று பொருள். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் எளிது.

பேட்டரிக்கு வயது இரண்டு ஆண்டு, 140 சார்ஜ் சுழற்சி. கடைசியாக முழு சார்ஜ் ஏறியது இரண்டு வாரத்துக்கு முன்பு. புறப்படும்போது காட்டியது 88 சதவீதம். வெளியே 9 டிகிரி செல்சியஸ், பேட்டரியின் வெப்பம் 12 டிகிரி. தரையில் லேசான காற்று, விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர். 110 மீட்டர் உயரத்தில் அதே காற்று விநாடிக்கு 7 மீட்டர். ட்ரோன் போகும் திசையிலேயே வீசியது. குறைந்த பேட்டரி எச்சரிக்கை 20 சதவீதத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை கடைசி வரை ஒலிக்கவே இல்லை.

நிமிடவாரியாக

0:00 – மேலேற்றம். 40 விநாடி, சராசரி 10 ஆம்பியர். 88-இலிருந்து 85.

0:40 – இலக்கை நோக்கி 3,200 மீட்டர், விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில். 246 விநாடி, 7.2 ஆம்பியர். 85-இலிருந்து 72.

4:46 – இலக்கின் மேல் 7 நிமிடம் நின்று படப்பிடிப்பு. காற்றை எதிர்த்து நிற்க 8.5 ஆம்பியர். 72-இலிருந்து 46.

11:46 – திரும்பல். சாதாரண மோடில் முழு ஸ்டிக், அதாவது ரிமோட்டின் ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளி. தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) விநாடிக்கு 7 மீட்டர்தான். கரன்ட் 13 ஆம்பியர். இரண்டு நிமிடத்தில் 840 மீட்டர் கடந்து 35 சதவீதம்.

13:46 – பதற்றத்தில் அதிவேகமான ஸ்போர்ட் மோட். தரைவேகம் விநாடிக்கு 12 மீட்டராக ஏறுகிறது. கரன்ட் 21 ஆம்பியர்.

14:36 – 27 சதவீதம். மூன்றாவது செல் 3.05 வோல்ட். தானியங்கி இறக்கம்.

காற்றும் தரைவேகமும்

போகும்போது 4 நிமிடத்தில் 13 சதவீதம் செலவானது. வரும்போதும் அவ்வளவுதான் ஆகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த ட்ரோனின் சாதாரண மோடு தரைவேகத்தை விநாடிக்கு 13 மீட்டராகக் கட்டுப்படுத்துகிறது. பின்னாலிருந்து 7 மீட்டர் காற்று தள்ளும்போது, காற்றைப் பொறுத்து ட்ரோன் 6 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் போதும். மிதமான முன்வேகத்தில் விசிறிகளுக்குக் கலங்காத காற்று கிடைப்பதால், காற்றில்லாதபோது ஓரிடத்தில் நிற்பதைவிடக் குறைந்த கரன்டே ஆகிறது. அதனால்தான் 7.2 ஆம்பியர். போகும் வழி அத்தனை மலிவாக இருப்பதே ஓர் எச்சரிக்கை. பலரும் அதைத் தங்கள் பேட்டரியின் சிறப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

திரும்பியதும் நிலைமை தலைகீழ். அதே 13 மீட்டர் தரைவேகத்துக்குக் காற்றில் 20 மீட்டர் வேகம் வேண்டும். சாதாரண மோடில் சாய்வு 25 டிகிரிக்கு மேல் போகாது. அந்தச் சாய்வில் கிடைப்பது காற்றில் 14 மீட்டர். 14-இல் 7 போக மிச்சம் 7. ஆக 3,200 மீட்டர் திரும்ப 457 விநாடி, 13 ஆம்பியர் வீதம் 1,650 மில்லி ஆம்பியர் மணி. சதவீதத்தில் 43. திரும்பத் தொடங்கியபோது கையில் இருந்தது 46.

புறப்பட்ட இடத்தின் மேல் வந்து சேரும்போது 3 சதவீதம் மிஞ்சும் என்ற கணக்கில் எந்தப் பேட்டரியும் வந்து சேராது. ஆகவே இந்தப் பறப்பின் முடிவு 11:46-லேயே தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பின் நடந்ததெல்லாம் எந்த இடத்தில் இறங்கும் என்பதை மட்டுமே மாற்றியது.

திரையில் இது ஏன் தெரியவில்லை? இலக்கின் மேல் நின்றபோது "மீதமுள்ள நேரம்" 12 நிமிடத்துக்கு மேல் காட்டியது. அது 8.5 ஆம்பியரில் பூஜ்ஜியம் வரை போவதற்கான நேரம். 13 ஆம்பியரில் அதே மின்சாரம் 8 நிமிடத்துக்குத்தான். "திரும்பிவிடு" என்று கேட்கும் தானியங்கிக் கணக்கும் இந்த மாதிரியில் காற்றில்லாத திரும்பலை வைத்தே போடப்பட்டது: 246 விநாடி, 9 ஆம்பியர், அதாவது 16 சதவீதம், அதோடு இறங்குவதற்கும் பாதுகாப்புக்கும் ஒரு 10 சதவீதம். 46 சதவீதத்தில் அது வாய் திறக்கக் காரணமே இல்லை. புதிய மாடல்கள் சில காற்றையும் கணக்கில் எடுக்கின்றன. எல்லாம் ஒன்றுபோல் எடுப்பதில்லை. உங்கள் மாடல் எதைச் செய்கிறது என்பதை அதன் கையேட்டில் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

உண்மையைச் சொன்ன ஒரே எண் தரைவேகம். திரும்பிய முதல் பத்து விநாடியிலேயே அது 13-க்குப் பதில் 7 என்று காட்டியது. மீதித் தூரத்தை அதனால் வகுத்தால் போதும். அதைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் கழிந்தது.

உயரத்தைக் குறைத்திருந்தால்? திறந்தவெளியில் 110 மீட்டரில் 7 மீட்டராக வீசும் காற்று, 40 மீட்டரில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டராகத் தணியலாம். தரைவேகம் 8.5 ஆகும், திரும்பும் நேரம் 457 விநாடியிலிருந்து 376 ஆகக் குறையும். 81 விநாடி மிச்சம், அதாவது 7 சதவீதத்துக்கு மேல். ஆனால் தாழப் பறந்தால் ரிமோட்டின் சிக்னல் மரங்களுக்குப் பின்னால் மறையலாம். கம்பிகளும் மரங்களும் குறுக்கே வரும். முன்கூட்டியே வழியைப் பார்த்து வைத்தவருக்கு மட்டுமே இது உதவும்.

மூன்றாவது செல்

ஸ்போர்ட் மோடுக்கு மாறியது அவ்வளவு பெரிய தவறா? கணக்கைப் பார்த்தால் இல்லை. சாதாரண மோடில் ஒரு கிலோமீட்டருக்கு 143 விநாடி, 13 ஆம்பியர்: 13.4 சதவீதம். ஸ்போர்ட்டில் 83 விநாடி, 21 ஆம்பியர்: 12.6 சதவீதம். பலத்த எதிர்க்காற்றில் வேகமாகப் போவதே சிக்கனம். 2,360 மீட்டருக்கு 30 சதவீதம் போதும். கையில் 35 இருந்தது. தாளில் ஐந்து சதவீதம் மிச்சத்தோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

வர முடியாமல் போனது கரன்டால். ஒவ்வொரு செல்லுக்கும் உள்மின்தடை உண்டு. பாயும் கரன்டை அதனால் பெருக்கினால் எவ்வளவு வோல்டேஜ் சரியும் என்று தெரியும். புதிதாக இருந்தபோது இந்தச் செல்கள் 10 மில்லி ஓமை ஒட்டி இருந்தவை. இப்போது மூன்று செல்கள் 18. மூன்றாவது செல் 26. 21 ஆம்பியர் பாயும்போது நல்ல செல்களில் சரிவு 0.38 வோல்ட். மூன்றாவதில் 0.55 வோல்ட். அந்த நொடியில் பதிவான வோல்டேஜ் வரிசை 3.33, 3.32, 3.05, 3.31. மொத்தம் 13.01, நாலால் வகுத்தால் 3.25. மொத்த வோல்டேஜை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் கெட்டதாகத் தெரியாது. ட்ரோன் பார்ப்பதோ ஆகக் குறைந்த செல்லை. அது இந்த மாதிரிக்கு வைத்த 3.1 வோல்ட் எல்லைக்குக் கீழே போய்விட்டது.

செல்களின் ஓய்வு வோல்டேஜைத் திருப்பிக் கணக்கிட்டால் இன்னொன்றும் தெரிகிறது. நல்ல செல்கள் 3.70, மூன்றாவது 3.60. உயர்மின்னழுத்தச் செல்லில் 3.70 என்பது 20 சதவீதத்துக்கும் கீழே. திரை காட்டிய 27 உண்மையில் இல்லவே இல்லை. இறங்கியபின் காட்டிய எண் 13. வோல்டேஜ் சரிவைக் கண்டதும் பேட்டரிக்குள் இருக்கும் அளவி தன் கணக்கைத் திருத்திக்கொண்டது.

அளவி ஏன் பிசகியது? உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்து மீதியைச் சொல்லும் கருவி அது. முழு சார்ஜ் ஏறி நிற்கும்போது அதற்கு ஓர் உறுதியான தொடக்கப்புள்ளி கிடைக்கிறது. அதன்பின் பேட்டரியைச் சும்மா வைத்தால், வீக்கம் வராமல் காக்க அது சில நாள் கழித்துத் தானாகவே சிறிது சிறிதாக மின்சாரத்தைக் கசியவிட்டு 60 சதவீதத்தை ஒட்டிய நிலையை நோக்கி இறங்கத் தொடங்கும். அந்தச் சிறிய கரன்டை அளவி துல்லியமாக எண்ணுவதில்லை. லித்தியம் பாலிமரின் வோல்டேஜ் கோடு நடுப்பகுதியில் கிட்டத்தட்டத் தட்டை. ஆகவே வோல்டேஜைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழி குறைவு. அந்த 88 சதவீதம் இப்படி இறங்கிக்கொண்டிருந்த பேட்டரியின் பாதிவழி எண். பல நாள் கிடந்த பேட்டரியை மறுபடி நிரப்பாமல் எடுத்துப் போவது, எதிர்பாராத இறக்கங்களுக்கு மிக வழக்கமான தொடக்கம்.

குளிரின் பங்கு என்ன? எல்லாப் பழியையும் குளிர்மேல் போடுவது வழக்கம். இறுதியில் இந்தப் பேட்டரியின் வெப்பம் 21 டிகிரி. பறக்கும்போது அது தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டது. குளிர் கடுமையாகக் கடிப்பது முதல் சில நிமிடங்களில்தான். 12 டிகிரியில் கிளம்பிய உடனே ஸ்போர்ட் மோடில் மேலேற்றினால் அங்கேயே எச்சரிக்கை வந்திருக்கும். 14-ஆவது நிமிடத்தில் நடந்ததற்கு முதுமையே காரணம்: வெப்பமான அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரிகளின் செல்கள் இப்படித்தான் ஒன்று முந்தி, ஒன்று பிந்திக் கெடுகின்றன.

சதவீதம் இருக்கையிலேயே கைவிடும் பேட்டரி பெரிய இயந்திரங்களுக்கும் புதிதல்ல. 2018 அக்டோபரில் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் டிஜேஐ நிறுவனத்தின் பெரிய தொழில்முறை ட்ரோன்களான மேட்ரிஸ் 200 வரிசையில் பயன்படும் டிபி50, டிபி55 பேட்டரிகள் குறித்துப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது: போதிய பறப்பு நேரம் மீதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் முழுவதும் அறுந்து ட்ரோன்கள் விழுந்தன. தானியங்கி இறக்கத்தில் மோட்டார் ஓடுகிறது, ஸ்டிக்குக்கு ட்ரோன் கீழ்ப்படிகிறது. மின்சாரம் அறுந்தால் கல்லாக விழும். முன்னது, பின்னது நடக்காமல் தடுக்க இருக்கும் ஏற்பாடு. அதை எப்படியாவது முறியடிக்க வழி தேடுவது தவறான திசை.

மூன்று அடுக்குகள்

சந்தையில் பரவலாக உள்ள ட்ரோன்களில் பேட்டரிப் பாதுகாப்பு மூன்று அடுக்காக இருக்கும். முதலாவது, நீங்கள் வைக்கும் சதவீதத்தில் வரும் ஒலி. இரண்டாவது, தூரத்தைக் கணக்கிட்டுத் திரும்பச் சொல்வது. 10 விநாடி எண்ணிவிட்டுத் தானே திரும்பும், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம். மூன்றாவது, இருக்கும் மின்சாரம் இந்த உயரத்திலிருந்து இறங்க மட்டுமே போதும் என்று தெரிந்தாலோ, ஒரு செல் எல்லைக்குக் கீழே போனாலோ நடக்கும் கட்டாய இறக்கம். இதை ரத்து செய்ய முடியாது.

தானே கட்டிய ட்ரோன்களில் இந்த எல்லைகள் நம் கையில். அவற்றை இயக்கும் மென்பொருள்களில் ஒன்றான ஆர்டுபைலட்டில் குறைவோல்டேஜ் தொடர்ந்து 10 விநாடி நீடித்தால்தான் நடவடிக்கை தொடங்கும். கரன்டால் வரும் சரிவைக் கழித்துவிட்டு ஓய்வு வோல்டேஜை மதிப்பிட்டுப் பார்க்கும்படியும் அமைக்கலாம். அதன் இயல்பு எல்லை 10.5 வோல்ட், மூன்று செல் பேட்டரிக்கு ஏற்றது. நான்கு அல்லது ஆறு செல் போட்டுவிட்டு இதை மாற்ற மறந்தால் எச்சரிக்கை வருமுன் பேட்டரி செத்துவிடும். இன்னொரு மென்பொருளான பிஎக்ஸ்4-இல் இயல்பாக 15, 7, 5 சதவீதம் என மூன்று எல்லைகள். நீள்தூரப் பறப்புக்கு 15 மிகத் தாமதம்.

அந்த 40 விநாடி

இறக்கம் தொடங்கியபின் செய்யப்பட்டது ஒன்றுதான்: ஸ்போர்ட் மோடில் ஸ்டிக்கை முழுக்க முன்னே தள்ளிப் பிடித்தபடி ரத்து பொத்தானை அழுத்துவது. வீடு (புறப்பட்ட இடம்) நோக்கி, காற்றை எதிர்த்து. கரன்ட் 21 ஆம்பியரிலேயே நின்றது. மூன்றாவது செல் மீளவே வாய்ப்பில்லை. ஸ்டிக்கை விட்டிருந்தால் கரன்ட் 8-க்கு இறங்கி, அந்தச் செல் 3.39 வோல்ட்டுக்கு ஏறியிருக்கும்.

அந்த இடத்திலிருந்து 200 மீட்டர் பின்னால், காற்று வீசும் திசையில், உழாத வெற்று நிலம் இருந்தது. காற்றோடு விநாடிக்கு 13 மீட்டர், 16 விநாடி. கரன்டும் குறைவு. ட்ரோன் உலர்ந்த தரையில் முழுசாக இறங்கியிருக்கும். வீட்டுக்கு எதிர்த்திசையில் போக மனம் ஒப்பாது. அந்த நேரத்தில் காக்க வேண்டியது இயந்திரத்தையும் கீழே இருப்பவர்களையும், புறப்பட்ட இடத்தை அல்ல.

செய்ய வேண்டிய வரிசை: சாதாரண மோடுக்கு மாறுங்கள். கேமராவை நேர் கீழே திருப்புங்கள். காற்றோடும் பக்கவாட்டிலும் ஆளில்லாத வெற்றிடத்தைத் தேடி ஸ்டிக்கை மிதமாகத் தள்ளுங்கள். இறங்கும்போதும் அது கேட்கும். பல மாடல்களில் த்ராட்டிலை (உயரத்தை மாற்றும் ஸ்டிக்கை) மேலே தள்ளினால் இறக்கம் மெதுவாகும் அல்லது நிற்கும். மரத்தையோ தண்ணீரையோ தாண்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வீடுவரை அதிலேயே இழுத்துவர முயன்றால் வழியில் மோட்டார் நின்றுவிடும். கடைசியாகத் தெரியும் வரைபடப் புள்ளியை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவையுங்கள். 110 மீட்டருக்குக் கீழே போனதும் இவ்வளவு தூரத்தில் சிக்னல் பெரும்பாலும் போய்விடும்.

சிக்னலே போய்விட்டால் யாரும் வழி காட்ட முடியாது. இங்கிலாந்தின் பூல் நகரத்தின் மேல் பறந்த காவல்துறை மேட்ரிஸ் 210 ஒன்று, தன் வரம்பை மீறிய காற்றில் அடித்துச்செல்லப்பட்டு, பேட்டரி குறைந்ததும் தானியங்கி இறக்கத்துக்குள் போய், ஒரு வீட்டுச் சுவரில் மோதியது. வீடுகளின் மேல் நீண்ட தூரம் போவது ஏன் வேறுவகை அபாயம் என்பதற்கு அந்த விசாரணை அறிக்கை போதும்.

பேட்டரி நன்றாக இருந்தும் இறங்கினால்

ஜிபிஎஸ் தன் இருப்பிடத்தை உறுதிசெய்யுமுன் கிளம்பினால் திரும்பும் புள்ளி பதிவாகாது, அல்லது வேறெங்கோ பதிவாகும். படகிலிருந்து கிளம்பினால் படகு நகர்ந்துவிடும். ட்ரோன் பழைய புள்ளிக்குத் திரும்பி வெறும் தண்ணீரில் இறங்கும். பல மாடல்களில் புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில், சில மீட்டருக்குள், திரும்பல் பொத்தானை அழுத்தினால் மேலேறாமல் நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். தண்ணீரின் மேல் தாழப் பறக்கும்போது அடிப்புற உணரிகள் பளபளப்பில் குழம்பி உயரத்தைத் தவறாக எடுக்கும். இவை எதிலும் வோல்டேஜ் எச்சரிக்கை வராது. பறப்புப் பதிவில் அந்த நொடியின் செய்தியைப் பார்த்தால் எந்த வகை என்று பிரித்துவிடலாம்.

பூட்டு சரியாக விழாத பேட்டரி தனிக்கதை. கோப்ரோ நிறுவனம் 2016 நவம்பரில் சுமார் 2,500 கார்மா ட்ரோன்களைத் திரும்பப் பெற்றது. பறக்கும்போதே மின்சாரம் போனதற்குப் பேட்டரியைப் பிடித்துவைக்கும் கொக்கியே காரணம். லேசாக வீங்கிய பேட்டரி உள்ளே முழுதாக உட்காராது. அதை அழுத்தித் திணிக்காதீர்கள். இரண்டு பக்கமும் "கிளிக்" ஒலி கேட்க வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டினால் மேடு தட்டக்கூடாது.

தண்ணீரிலிருந்து எடுத்த பேட்டரி

நாணலிலிருந்து ட்ரோனை எடுத்ததும் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். அழுத்தாதீர்கள். தண்ணீர் உள்ளே இருக்கும் பேட்டரியில் கோளாறு உடனே தெரியாது. கட்டுப்பாட்டுப் பலகையில் அரிப்பு ஏறி, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துக் குறுக்குச்சுற்று உண்டாகலாம். கடல்நீர் என்றால் இன்னும் விரைவு.

முதலில் தொடாமல் பாருங்கள்: சீறும் ஒலி, ஆவி, வெப்பம், கரைப்பான் போன்ற இனிப்பு வாடை ஏதாவது இருந்தால் விலகிக் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். எதுவும் இல்லையென்றால் கையுறையோடு பேட்டரியைக் கழற்றி, கட்டடத்திலிருந்தும் வண்டியிலிருந்தும் தள்ளி, வெறும் மண்ணிலோ கான்கிரீட்டிலோ வையுங்கள். குறைந்தது ஒரு முழு நாள் அங்கேயே இருக்கட்டும். காருக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவருவதுதான் ஆக மோசமான முடிவு. உலர்ந்து வேலை செய்தாலும் அதை மறுபடி சார்ஜில் போடக்கூடாது. முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, பேட்டரி சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டுத் தீர்ப்பது நம்பகமானதல்ல. முனை அரித்துப்போய், உள்ளே மின்சாரம் அப்படியே தங்கிவிடும்.

தீப்பிடித்தால் ஏராளமான தண்ணீர். உலர்தூள் அணைப்பான் சுடரை அடக்கும், ஆனால் செல்லைக் குளிர்விக்காது. அது மீண்டும் பற்றும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். அதை மூச்சில் இழுக்க நேர்ந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த பறப்புக்கு முன்

முந்தைய நாளோ அன்றோ 100 சதவீதம் வரை நிரப்புங்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடாமல் ஆறவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழும் 40-க்கு மேலும் சார்ஜ் ஏற்றக்கூடாது. குளிர்காலத்தில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்து 20 டிகிரிக்கு மேல் கொண்டுவந்து கிளம்புங்கள். பயன்படுத்தாத நாளில் 50 முதல் 60 சதவீதத்தில், குளிர்ந்த இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக நிரப்பி, தாழப் பறந்து 15 சதவீதம் வரை இறக்கி, ஆறவிட்டு மீண்டும் நிரப்பினால் அளவி தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

கிளம்புமுன் செல் வோல்டேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது செல்களுக்கிடையே 0.03 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. பிறகு கிளம்பி, 2 மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, 5 விநாடி வேகமாக மேலேற்றுங்கள். அந்தச் சுமையில் ஒரு செல் மட்டும் 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அந்தப் பேட்டரிக்கு நீள்தூரம் முடிந்தது. வீட்டருகே பறக்க வைத்துக்கொள்ளலாம். 0.2 என்றால் அதுவும் வேண்டாம். கறாரான வரம்புதான். மேலே சொன்ன மூன்றாவது செல் புறப்பட்ட இடத்திலேயே இந்தச் சோதனையில் மாட்டியிருக்கும்.

பிறகு பறக்கும் உயரத்துக்கு ஏறி, 200 மீட்டர் போய், திரும்பி, வீடு நோக்கி 20 விநாடி முழு ஸ்டிக்கில் வாருங்கள். தரைவேகத்தையும் கரன்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கின் தூரத்தை அந்த வேகத்தால் வகுத்து, கரன்டால் பெருக்கி, 3.6-ஆல் வகுத்தால் திரும்பத் தேவையான மில்லி ஆம்பியர் மணி கிடைக்கும். அதைச் சதவீதமாக்கி, மேலே 25 சேர்த்தால் திரும்ப வேண்டிய எண். இந்தப் பறப்பில் அது 43-உம் 25-உம் சேர்ந்து 68. எச்சரிக்கை ஒலியை 20-இல் வைக்காமல் இந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி ரிமோட்டில் ஒட்டிவையுங்கள்.

88 சதவீதத்தில் கிளம்பி 72-இல் இலக்கை அடைந்தவருக்கு 68 வரை மிச்சம் நான்கு சதவீதம். அங்கே நிற்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுமேல். அவர் நின்றது ஏழு நிமிடம். செல்கள் ஆரோக்கியமாக, பேட்டரி 100 சதவீதத்தில், உடல்சூட்டில் இருந்திருந்தால் இலக்கில் 84. 16 சதவீதம் செலவிடலாம், 4 நிமிடம் 20 விநாடி. ஏழு நிமிடம் வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி, இரண்டு பறப்பு. அல்லது நீர்த்தேக்கத்தின் மறுகரையிலிருந்து கிளம்பி, முதலில் எதிர்க்காற்றில் போய், காற்றோடு திரும்பி வரலாம்.